மனைவி வீட்டில் இருக்கும் மகனுக்கு

மகன்,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்ன வார்த்தைக்குப் பதில் எழுதுகிறேன். வாயாலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் நீ குறுக்கே பேசுவாய், நீ குறுக்கே பேசினால் எனக்குக் குரல் உயரும், குரல் உயர்ந்தால் உன் அம்மா போனைப் பறித்துக்கொண்டு "சாப்பிட்டியா மனே" என்று தொடங்கிவிடுவாள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. "நீங்க ஆயுசு முழுக்கப் பொஞ்சாதிட வீட்டில கிடந்த ஆள் அப்பா. என்னால அப்பிடிக் கிடக்க ஏலாது" என்றாய். உன்னை அழவைக்கவோ என்னிடம் மன்னிப்புக் கேட்கவைக்கவோ இதை எழுதவில்லை. நீ சொன்னது உண்மை. நான் பொண்டாட்டி வீட்டில் கிடந்த ஆள்தான். அதில் எனக்கு எள்ளளவும் வெட்கம் இல்லை என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். தகப்பன்மார் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதினால் பழைய பிழைகளை ஒத்துக்கொண்டு கண்கலங்குவது வழக்கம். அதை எதிர்பார்த்து இருந்தால் எழுந்து போய் ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வா. இதில் அது கிடைக்காது.

பனி கொட்டத் தொடங்குவதற்கு முன் நித்யாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு, டொரோண்டோவில் அவளுடைய தாய் தகப்பன் வீட்டை விட்டு வேறு ஒரு நகரத்துக்குப் போகப்போகிறாய் என்கிறாய். நித்யாவுக்கு விருப்பம் இல்லை. அவளுடைய வேலை அங்கே, குழந்தையைப் பார்க்கிற அவளுடைய அம்மா அங்கே. ஆனாலும் நீ போகத்தான் வேண்டும், ஏனென்றால் குழந்தையின் இரண்டாவது பிறந்தநாளுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த அவளுடைய சித்தப்பா, நீ பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றதைப் பார்த்து, "வீட்டோட மாப்பிள்ளைன்னா இதெல்லாம் செய்யணும்ல" என்று சொன்னார். நாலு பேர் சிரித்தார்கள். அந்த நாலு பேரின் சிரிப்பை விட்டுத் தள்ளிப் போவதற்கு இரண்டு மணி நேரத் தூரம் போதும் என்று நீ கணக்குப் போட்டிருக்கிறாய். போதாததற்கு, நானும் வந்து அந்தப் புது வீட்டில் ஆறு மாதம் தலைவர் மாதிரி உட்கார வேண்டுமாம். உனக்கும் ஒரு குடும்பம் பின்னால் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். நான் எந்த வீட்டிலும் தலைவராக உட்கார்ந்ததில்லை, மகன். கடைசிக் காலத்தில் கனடாவுக்கு வந்து அதைப் பழக எனக்கு மனமில்லை.

நான் குளத்தடி உன்னிச்சையிலிருந்து இந்த வாவிக்கரை நாவற்குடாவுக்கு வந்த கதையை நீ அரைகுறையாகத்தான் கேட்டிருப்பாய். தாலி கட்டிய அன்று பின்னேரம் ஒரு தகரப் பெட்டியும் ஒரு சைக்கிளுமாக உன் அம்மாவின் வீட்டுக்கு வந்து இறங்கினேன். எங்கள் பக்கத்தில் அதுதான் முறை. வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு. என் அப்பா அப்படி வந்தவர், அவருடைய அப்பாவும் அப்படி வந்தவர். ஆனால் முறை என்பதால் எல்லாம் சுலபமாக இருந்தது என்று நினைத்துவிடாதே. நான் குளத்து மீனில் வளர்ந்தவன். இங்கே வாவி நண்டைத் தட்டில் வைத்தார்கள். அதை எங்கிருந்து உடைப்பது என்று தெரியாமல் நான் குழம்பை மட்டும் தொட்டுச் சோறு தின்றதைக் கண்டு உன் சித்திமார் குசினிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தார்கள். கிணற்றுத் தண்ணீர் உவர்த்தது. வயலுக்குப் போகிறேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் வழக்கம்போல வட்டைக்குப் போகிறேன் என்றேன். உன் பெரிய மாமா அன்றிலிருந்து என்னை "வட்டைக்கார மச்சான்" என்று கூப்பிடத் தொடங்கினார். சந்தியில் கூப்பிட்டார், கோயில் வீதியில் கூப்பிட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒவ்வொரு முறையும் "ஓம் மச்சான்" என்று பெரிய குரலில் திரும்பினேன். ஒரு பெயருக்கு நாமே உரத்து ஓம் சொல்லிவிட்டால் அதை வைத்துக்கொண்டு மற்றவன் என்ன செய்வான்? பிறகு நான் பஸ் ஓட்டுகிற காலத்தில் பயணிகளே "வட்டைக்காரர்ர பஸ் வந்திட்டுதா" என்று கேட்டு ஏறினார்கள். அதே மாமா முன் சீட்டில் உட்கார்ந்து, "இவர் எங்கட மச்சான்தான்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் பெருமை பேசிக்கொண்டு வந்ததும் உண்டு.

அடங்கிக் கிடந்தேன் என்றுதானே உனக்கு எண்ணம். உனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும்போது நடந்தது உனக்கே ஞாபகம் இருக்க வேண்டும். நீ யாருக்கும் சொல்லாமல் தோணியை அவிழ்த்துக்கொண்டு வாவிக்குள் போய், காற்று இழுத்து, தண்ணீருக்குள் நிற்கிற கண்ணாப் பற்றைக்குள் மாட்டி நின்றாய். உன்னை இழுத்துக்கொண்டு வந்தவர் பெரிய மாமா. பயத்தில் வந்த கோபம் அவருக்கு. முற்றத்தில் வைத்துப் பூவரசம் கம்பை ஓங்கினார். நான் அப்போதுதான் பஸ்ஸை விட்டுவிட்டு வந்து காக்கிச் சேட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நடுவில் போய் நின்றேன். "மச்சான், வீடு உங்கட தங்கச்சிட. பிள்ளை என்ட" என்றேன். அவர் கம்பைப் போட்டுவிட்டுப் படலையைத் திறந்துகொண்டு போனார். உன் அம்மம்மா என்னோடு ஒரு கிழமை முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் தகரப் பெட்டியைத் தூக்கவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன், போட்ட சோற்றைத் தின்றேன், என் பிள்ளைகளைக் கிணற்றடியில் குளிக்க வார்த்தேன். அடுத்த கிழமை மாமாவே ஒரு கோர்வை மீனைக் கொண்டுவந்து குசினி வாசலில் போட்டுவிட்டு, "வட்டைக்காரருக்கு முள்ளில்லாத மீனாப் பாத்துக் குடுங்க" என்றார். அந்த முற்றத்தில் எனக்கு ஒரு பிடி மண்ணும் சொந்தமில்லை. உன் மேல் அடி விழவும் இல்லை. தகப்பனாக இருப்பதற்குக் காணி உறுதியில் பெயர் இருக்க வேண்டியதில்லை என்று அன்று கண்டுகொண்டேன். இன்றுவரை அந்த எண்ணத்தை மாற்ற எந்தக் காரணமும் எனக்குக் கிடைக்கவில்லை.

இனி உன் மாமனாரைப் பற்றி. திண்டுக்கல்லிலிருந்து மனைவியோடும் கைக்குழந்தையோடும் அந்தக் குளிர் தேசத்துக்குப் போய், லொறி ஓட்டி, இரண்டு மாடி வீடு கட்டிய மனிதர். நானும் வண்டி ஓட்டி, அவரும் வண்டி ஓட்டி. அதனால்தான் முதல் நாளே எங்களுக்குப் பேச்சு ஒத்துப்போனது. ஆனால் உன் கலியாணத்துக்குப் பிறகு அவர் எடுத்த முதல் போனை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது. நீ நம் ஊர் வழக்கப்படி, கலியாணம் முடிந்த கையோடு ஒரு சூட்கேசைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டாய். அவர்கள் மறுவீட்டு விருந்துக்கு வந்திருக்கிறாய் என்று நினைத்தார்கள். கோழி, ஆடு, பாயசம் என்று ஒவ்வொரு நாளும் ஆக்கிப் போட்டிருக்கிறார்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். உன் மாமியார் பாவம், இரண்டு கிழமை அடுப்படியிலேயே நின்றிருக்கிறார். கடைசியில் சம்பந்தி எனக்குப் போன் எடுத்து, மிகவும் தயங்கி, "சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. மாப்பிள்ளை எப்ப எம் பொண்ணைக் கூட்டிட்டுப் போறதா உத்தேசம்?" என்று கேட்டார்.

"எங்க கூட்டிக்கொண்டு போறது?" என்றேன்.

"அவர் வீட்டுக்குத்தாங்க."

"அவர்ர வீடு அதுதானே சம்பந்தி."

நான் கேலி செய்கிறேன் என்று அவர் நினைத்தார். என் மகனை வெளியே போகச் சொல்கிறார் என்று நான் நினைத்தேன். இரண்டு பேரும் மரியாதை குறையாமல் கோபித்துக்கொண்டோம். பிறகு நான் எங்கள் ஊர் முறையை முதலிலிருந்து சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எங்க ஊர்ல இதைச் சொன்னா சிரிப்பாங்க சம்பந்தி" என்றார். "எங்கட ஊரில பொம்பிளைப் பிள்ளைய அனுப்பிப்போட்டு அழுறதைச் சொன்னாச் சிரிப்பினம்" என்றேன். அதற்கு அவர் சிரிக்கவில்லை. "நானும் அழுதுட்டுத்தாங்க இருந்தேன், அவ போயிருவான்னு" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு நீ அந்த வீட்டில் விருந்தாளி இல்லை. குழந்தைக்கு மொட்டை போட நேரம் வந்தபோது அவர் எனக்குப் போன் எடுத்து உங்கள் குலதெய்வம் எது, பிள்ளை உங்கள் வம்சம் என்றார். நான், பிள்ளை தாயின் குடி, எங்கள் பக்கத்தில் அப்படித்தான், உங்கள் பக்கத்துக் கோயிலில் செய்யுங்கள் என்றேன். "அதெப்படிங்க, உங்க வீட்டுப் பிள்ளை" என்று அவர், "இல்ல சம்பந்தி, உங்கட வீட்டுப் பிள்ளை" என்று நான். உலகத்தில் தாத்தாமார் பேரப்பிள்ளை எனக்கு எனக்கு என்று சண்டை பிடிப்பார்கள். நாங்கள் இரண்டு கிழவர்களும் உனக்கு உனக்கு என்று சண்டை பிடித்தோம். கடைசியில் அங்கேயே ஒரு பிள்ளையார் கோயிலில் போட்டீர்கள். மொட்டைத் தலையோடு அவன் வீடியோவில் என்னைப் பார்த்து "போன் தாத்தா" என்றான். அப்பப்பா என்று சொல்லிக்கொடுக்கவில்லையே என்று உன் அம்மா முறைத்தாள். போனில் இருக்கிற தாத்தா போன் தாத்தாதானே, பிள்ளை சரியாகத்தான் சொல்கிறது என்றேன்.

யோசித்துப் பார். அந்த மனிதர் தன் மண்ணை விட்டுப் போய், தன் மகளை அந்த ஊரில் வளர்த்து, அவள் விரும்பியவன் வேறு நாட்டுக்காரன் என்று அறிந்தும் வாசலைத் திறந்து, தன் ஊரில் சிரிப்பார்கள் என்று தெரிந்த ஒரு முறையைத் தன் கூரைக்குள் விட்டிருக்கிறார். தம்பிக்காரன் சிரித்தபோது அவர் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டாய். அது பிழைதான், நான் மறுக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். நானும் அதை அவரிடம் முகத்துக்கு நேரே சொல்லத்தான் போகிறேன். ஆனால் உனக்கு ஒரு வாய் இருந்ததே. அந்த நேரம் வாளியைத் தூக்கிக்கொண்டு அந்தச் சித்தப்பாவின் இலைக்கு முன்னால் போய், "ஓம், வீட்டோட மாப்பிள்ளைதான். இன்னும் கொஞ்சம் சாம்பார் விடவா?" என்று கேட்டிருந்தால் அந்த நாலு பேரும் உன் பக்கம் சிரித்திருப்பார்கள். நீ வட்டைக்காரனின் மகன். இது உனக்கு வராமல் போனதுதான் எனக்கு ஆச்சரியம். பந்தியில் பரிமாறுவது கூலிக்காரனின் வேலை என்று உனக்கு யார் சொன்னார்கள்? வீட்டுக்காரன்தான் பரிமாறுவான். வந்தவன்தான் உட்கார்ந்து தின்பான்.

உன்னை அங்கேயே கட்டிப்போட நான் இதைச் சொல்லவில்லை. நித்யா ஒரு நாள், நமக்கென்று தனியாக ஒரு வீடு பார்ப்போம் என்று சொன்னால், அன்றைக்கே போ. பெட்டி கட்டுவதற்கு நானே வந்து நிற்பேன். ஆனால் அவள் அழ அழ, குழந்தையை அதன் அம்மம்மாவின் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு, உன் மானத்தைக் காப்பாற்றப் போகிறேன் என்றால் எனக்கு அது பிடிக்கவில்லை. என் ஆசீர்வாதத்தை எதிர்பார்க்காதே. ஒரு பெண்ணை அவளுடைய வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு போய், தான் ஆம்பிளை என்று காட்டுகிற வேலையை நம் குடும்பத்தில் இதுவரை எவனும் செய்ததில்லை. கனடாவுக்குப் போய் ஏதாவது புதிதாகப் பழக வேண்டுமென்றால் அந்தப் பனிச்சறுக்கைப் பழகு. இதைப் பழகாதே.

இனிச் சொல்வதை நீ உட்கார்ந்து படி. அன்று நீ பேசியபோது போன் ஸ்பீக்கரில் இருந்தது. என் காது மந்தமானதிலிருந்து எப்போதும் அப்படித்தான் வைக்கிறோம் என்று உனக்குத் தெரியும். உன் அத்தான் ஜெயன் பக்கத்தில் ஏணியில் நின்று மின்விசிறியைக் கழுவிக்கொண்டிருந்தான். வாழைச்சேனையிலிருந்து உன் அக்கா சுகந்தியைக் கட்டி இந்த வீட்டுக்கு வந்தவன். பொஞ்சாதிட வீட்டில் கிடக்கிற ஆள். நீ சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவன் காதில் விழுந்தது. அவன் இறங்கி, ஏணியை மடித்து வைத்துவிட்டு வெளியே போனான். மின்விசிறி இன்னும் பாதி கழுவினபடி இருக்கிறது. இரண்டு நாள் கழித்து உன் அக்கா, வீட்டை அவளுக்குக் கொடுத்த பிறகு பின் வளவில் நாங்கள் இருக்கிற சின்ன வீட்டுக்கு வந்து, "அப்பா, இவர் திடீரெண்டு தன்ட ஊரில ஒரு வீடு போடுவமா எண்டு கேக்கிறார். என்ன நடந்தது?" என்று கேட்டாள். எனக்குத் தெரியும் என்ன நடந்ததென்று. நான் ஜெயனைக் கூப்பிட்டு, "மருமகன், அவன் சொன்னது எனக்கு. உங்களுக்கில்ல" என்றேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல், "உங்களுக்குச் சொன்னா எனக்குந்தானே மாமா" என்றான். எனக்குச் சொன்னதை நான் தாங்கிக்கொண்டேன். அவனுக்குச் சொன்னதுதான் எனக்கு நெஞ்சில் இன்னும் எரிகிறது.

அவன் இந்த வீட்டுக்கு வந்த அன்று வாசலில் அவன் காலைக் கழுவி உள்ளே அழைத்து வந்தவன் யார்? நீதான். பெண்ணின் தம்பி என்ற முறையில் செம்பும் கையுமாக நின்று, முழுச் செம்பையும் ஊற்றி அவன் பட்டு வேட்டியைக் கரை வரை நனைத்துவிட்டாய். அவன் கோபிக்காமல் சிரித்துக்கொண்டு உன் விரலில் மோதிரம் போட்டான். விரல் பெருத்த பிறகும் நீ அதைச் சின்ன விரலுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறாய். போன கிழமை வீடியோவிலும் பார்த்தேன். இந்த வீடு அக்காவுக்குத்தான் என்று தெரிந்தே வளர்ந்தாய், ஒரு நாளும் பங்கு கேட்கவில்லை, அவனை ஒரு நாளும் குறைவாகப் பார்க்கவில்லை. அவன் இந்தக் கூரையை மாற்றினான், எனக்கு நெஞ்சு வருத்தம் வந்தபோது ஆஸ்பத்திரியில் என் கட்டிலடியில் பாய் போட்டுப் படுத்தான். நீ அங்கே இருந்து போனில் அழுதபோது, "அத்தான், நீங்க இருக்கிறதாலதான் நான் இஞ்ச இருக்க ஏலுது" என்று அவனிடம் சொன்னாய். அப்போது அவன் கிடக்கிற ஆளாகத் தெரியவில்லையா? அந்தச் சித்தப்பாவின் கண்ணைக் கடன் வாங்கி உன் அத்தானைப் பார்க்கத் தொடங்கிவிட்டாயா?

இதை வாசித்து முடித்ததும் எனக்குப் போன் எடுக்காதே, அவனுக்கு எடு. என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லித் தர மாட்டேன். அவன் சண்டைக்காரன் அல்ல, நீ தொடங்கினால் போதும். அந்த மின்விசிறியின் மற்றப் பாதி கழுவப்பட்டால் நீ பேசிவிட்டாய் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

நானும் அம்மாவும் வருகிறோம். உன் அம்மா காத்தான்குடியில் நித்யாவுக்கு ஒரு சேலையும், குழந்தைக்குப் பெரிதாகவே இருக்கட்டும் என்று இரண்டு சட்டையும் எடுத்து வைத்துவிட்டாள். விசாவுக்குப் போடுகிறபோது அங்கே எந்த வீட்டில் தங்குவீர்கள் என்று கேட்டார்கள். நீ அனுப்பிய புது விலாசம் போனில் இருந்தது. நான் ஜெயனிடம் நித்யா வீட்டு விலாசத்தைச் சொன்னேன், அவன் அதைத்தான் போட்டான். ஆகவே நாங்கள் வந்து இறங்குவது அந்த வீட்டு வாசலில்தான். அன்றைக்கு நீ உள்ளே இருந்து கதவைத் திறந்தால் அது எனக்கு மகனின் வீடு. நீ வேறு நகரத்திலிருந்து கார் ஓட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தால், உன்னை உட்காரச் சொல்லி, சம்பந்தியின் அனுமதியோடு, நான் பரிமாறுவேன். விருந்தாளியாக யார் இருக்க வேண்டும் என்பதை நீயே முடிவு செய்.

உன் அம்மாவின் வீட்டில் கிடக்கிற,
உன் அப்பா